காற்றும் எச்சரிக்கை விளக்கும்



ஓசூருக்கு வடகிழக்கே, கருநாடக எல்லையை ஒட்டி அமைந்தது பேரிகை. தக்காளியும் முட்டைக்கோசும் ரோசாப் பூவும் விளையும் ஊர். விடியுமுன்னரே இங்கிருந்து பிக்கப் வண்டிகள் சரக்கேற்றிக்கொண்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் புறப்பட்டுவிடும். சென்ற மார்கழியில் என் பழைய மாணவன் ஒருவன் தன் வண்டியுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கை மாறி வந்த வண்டி. ஆயினும் சற்று உயர்ந்த வகை. அதன் முகப்பில் குதிரை லாடத்தைப் போன்ற வடிவமும், அதனுள் ஒரு வியப்புக்குறியும் மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன.

“ஐயா, விடியற்காலையில் இது எரிகிறது, வெயில் ஏறினால் தானாகவே அணைந்துவிடுகிறது. பட்டறையில் கேட்டால் நான்கு சக்கரத்துக்கும் புதிய சென்சார் வேண்டும் என்று பல ஆயிரம் சொல்கிறார்கள். மேலே கறுப்பு நாடாவை ஒட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்” என்றான்.

அவன் கேள்விக்கு விடை உங்கள் பௌதிகப் பாடநூலிலேயே இருக்கிறது. அதைத்தான் இன்று காண்போம்.

காற்றடைத்த டயருக்கு 1845-இல் இராபர்ட் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888-இல் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதையே மீண்டும் செய்து உலகெங்கும் பரவச் செய்தார். டயரில் காற்றுக் குறைந்தால் அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். அந்த உழைப்பெல்லாம் வெப்பமாக மாறும். இறுதியில் டயர் வெடிக்கும். டயர் பழுதால் நேர்ந்த பல விபத்துகளுக்குப் பின்னர் அமெரிக்கா 2000-இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2007 முதல் அந்நாட்டின் புதிய இலகு வாகனங்கள் அனைத்திலும் இவ்விளக்கு கட்டாயமாயிற்று. குறித்த அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி.

விளக்குக்குச் செய்தி தரும் முறைகள் இரண்டு. ஒன்று, சக்கரத்தினுள் வால்வோடு பொருத்திய சென்சார் அழுத்தத்தை நேரே அளந்து வானொலி அலையாக அனுப்புவது. மற்றொன்று, பிரேக் அமைப்பில் உள்ள வேக உணரிகளைக் கொண்டு அறிவது. காற்றுக் குறைந்த சக்கரம் சிறிது சிறுத்துவிடுவதால் மற்றவற்றினும் விரைவாகச் சுழலும். அந்த வேறுபாடே எச்சரிக்கையாகிறது.

இனி, காலையில் எரிந்து பகலில் அணைவது ஏன்? கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 13 பவுண்டு. அவன் வண்டிக்குக் குறித்த அளவு 40 பவுண்டு. ஒரு டயரில் சூடான நண்பகலில், 35 பாகை வெப்பத்தில், மானி 33 காட்டுவதாகக் கொள்வோம். வளிமண்டலத்தையும் கூட்டினால் 46. இரவு கழிந்து 14 பாகைக்குக் குளிர்ந்தால் 46-ஐ 287-ஆல் பெருக்கி 308-ஆல் வகுக்க வேண்டும்; ஏறத்தாழ 43 வரும். அதில் 13-ஐக் கழித்தால் மானி காட்டுவது 30. நாற்பதில் கால் பங்கு குறைந்துவிட்டது, விளக்கு எரிகிறது. வெயில் ஏறியதும் அழுத்தம் எல்லையைத் தாண்டி உயர, விளக்கு அணைகிறது. அணைந்ததால் குறை தீர்ந்ததென்று பொருளாகுமா? ஆகாது. குளிர் மட்டுமே காரணமாயின் 40 பவுண்டு உள்ள டயரில் மூன்று நான்கு பவுண்டுதான் குறையும், விளக்கு எரியாது. ஆகவே எங்கோ காற்றுக் கசிகிறது என்று அவனிடம் சொன்னேன்.

மறுநாள் விடியலில், வண்டி நகருமுன், சில நூறு ரூபாய்க்கு வாங்கிய காற்று மானியால் நான்கு டயர்களையும் அளந்தோம். மூன்று சரியாக இருந்தன. பின்பக்க இடது டயர் 29 காட்டியது. சோப்பு நீரைத் தடவினோம். டயரின் முகத்தில் குமிழி எழவில்லை. வால்வின் வாயில் ஓயாமல் எழுந்தது. உள்ளே இருக்கும் விரற்கடை நீளமுள்ள வால்வு பின் தேய்ந்திருந்தது. பஞ்சர்க் கடையில் அதை மாற்றி, வண்டிக் கதவோரத்து அட்டையில் குறித்த அளவுக்குக் காற்றடைத்து, மூடியும் போட்டார்கள். ஒரு சிற்றுண்டிச் செலவுதான். சில கிலோமீட்டர் ஓடியதும் விளக்கு அணைந்தது; மறுநாள் காலையிலும் எரியவில்லை.

சில குறிப்புகளை மனத்திற் கொள்ளுங்கள். டயர் சூடாக இருக்கும்போது அழுத்தம் மிகுந்திருப்பது இயல்பு. அதற்காகக் காற்றை இறக்கலாகாது. வேக உணரி முறையில் இயங்கும் வண்டியில் காற்றடைத்தபின் மீட்டமைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு ஒரு நிமிடம் போலக் கண்சிமிட்டிப் பின்னர் நிலையாக எரிந்தால் குறை டயரில் அன்று, அமைப்பில். சென்சாரின் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்பொழுதும் எந்தச் சக்கரம் என்று கருவியால் கண்டறிந்து அந்த ஒன்றை மட்டும், முடிந்தால் புது டயர் போடும் நாளில் மாற்றினால், டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சமாகும். இவ்விளக்கே இல்லாத சிறு வண்டிகள் நம் பக்கம் மிகுதி. அவற்றுக்கு மானியும் வாரம் ஒரு முறை அளக்கும் பழக்கமுமே போதும்.

அம்மாணவன் அடுத்த வாரம் சரக்குடன் சூளகிரியைக் கடந்து கிருஷ்ணகிரி இறக்கத்தில் செல்ல வேண்டியிருந்தது. நாடாவை ஒட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவனுக்கு மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் வாயு விதியை அவனுக்குக் கற்பித்தவன் நானே. தேர்வுக்காக மட்டும் கற்பித்துவிட்டேனோ என்ற குறை எனக்கு உண்டு. நீங்களேனும் அதை வாழ்வுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். இன்று மாலையே உங்கள் மிதிவண்டியின் வால்வில் சிறிது சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள்.