ஸ்கேனில் தெரிவது வலி அல்ல

முதுகுவலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பலரிடம் ஒரு பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். ‘எல்4-எல்5 ஜவ்வு விலகிடுச்சு’, ‘எலும்பு தேய்ஞ்சுடுச்சு’ என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். குனியாதே, தரையில் உட்காராதே, குடம் தூக்காதே, டூவீலர் ஓட்டாதே என்று தடைகளும் கூடவே வந்திருக்கும். ஸ்கேனில் தெரிந்ததுதான் வலிக்குக் காரணம் என்ற முடிவின் மேல்தான் இத்தனையும் நிற்கிறது. பெரும்பாலோர் விஷயத்தில் அந்த முடிவு சரியில்லை.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-ல் வெளியானது. 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம். 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 80 வயதினரில் தேய்மானம் 96 சதவீதம். பல நேரம் இது தலை நரைப்பதைப் போல வயதின் அடையாளம், அவ்வளவுதான். பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்தி, வலி சுரீரென்று காலுக்கு இறங்கினால் கதை வேறு. அங்கே ஸ்கேனுக்கு மதிப்பு உண்டு. (அந்தப் பிதுக்கமும் பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடும். ரிப்போர்ட்டில் இதை யாரும் எழுதுவதில்லை.) மற்றபடி, கீழ்முதுகு வலியில் சுமார் 90 சதவீதத்துக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று விரல்வைத்துக் காட்டக் காரணம் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் ஏன் வலிக்கிறது? உடம்பிலிருந்து புறப்படும் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது, மூளைக்கும் அதில் பங்குண்டு என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் விளக்கினார்கள். சாதாரணத் தசைப்பிடிப்போ சுளுக்கோ சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் சிலருக்கு நரம்பு மண்டலம் உஷார் நிலையிலேயே தங்கிவிடுகிறது. முன்பு வலிக்காத அசைவும் வலிக்கிறது. தூக்கம் கெட்டால் கூடுகிறது. வேலை போய்விடுமோ என்ற கவலையில் கூடுகிறது. குனிந்தால் ஜவ்வு இன்னும் விலகும் என்று பயந்து உடம்பை விறைப்பாகவே வைத்திருந்தால் மேலும் கூடுகிறது. ‘அப்போ என் வலி பொய்யா டாக்டர்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில்: இல்லை, வலி முழுக்க உண்மை.

ஆனால் நம் சிகிச்சைகள் இன்னமும் ஓர் இடத்தையே குறிவைக்கின்றன. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதுகு, இடுப்பு மூட்டு, முழங்கால் வலியுள்ள 240 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வலியைக் குறைப்பதில் அபின் வகை மருந்துகள் சாதாரண வலி மாத்திரைகளைவிட மேலாக இல்லை. காலுக்கு இறங்கும் வலிக்குத் தாராளமாக எழுதித் தரப்படும் பிரிகாபாலின், 2017 ஆய்வில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. முதுகெலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்கும் அறுவை சிகிச்சையை, தீவிரமான உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டத்தோடு ஒப்பிட்டது 349 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று. 2005-ல் வந்த முடிவு: இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், நாம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் டென்ஸ் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பத்து நாள் கரண்ட் வைத்துவிட்டு, நோயாளியை ஒருமுறைகூட நடக்கவைக்காமல் அனுப்பும் பிசியோதெரபி மையங்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஒரு மாநிலமே மனதை மாற்றிக்கொண்ட அனுபவம் ஆஸ்திரேலியாவில் உண்டு. 1997-ல் விக்டோரியா மாநிலம் தொலைக்காட்சி விளம்பரங்களில் இறங்கியது. படுத்தே கிடக்காதீர்கள், முடிந்த வேலையைச் செய்துகொண்டே இருங்கள் என்பதே செய்தி. மருந்து இல்லை, கருவி இல்லை. மக்களின் எண்ணம் மாறியது; மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகுவலிக்காக நஷ்டஈடு கேட்டு வரும் மனுக்கள் குறைந்தன. விளம்பரம் செய்யாத பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் மக்களின் எண்ணம் அப்படியேதான் இருந்தது.

அதே நாட்டில் 2024-ல் வந்த ஆய்வு நடைப்பயிற்சியைப் பற்றியது. முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். இது இடைநிலை (மீடியன்) கணக்கு. அற்புதம் என்று சொல்ல மாட்டேன். உடற்பயிற்சி தரும் நிவாரணமும் பெரும்பாலும் மிதமானதே. இந்தப் பயிற்சிதான் சிறந்தது என்று எதற்கும் பட்டம் கட்ட முடியாது. பயத்தையும் தூக்கத்தையும் சேர்த்துக் கவனிக்கும் உளவியல் சிகிச்சைகளுக்கு நல்ல ஆதாரம் சேர்ந்து வருகிறது. அவற்றைத் தரத் தெரிந்தவர்கள்தான் நம் ஊர்களில் அரிது.

இவ்வளவும் சொன்னதால் எல்லா முதுகுவலியையும் நடந்தே தீர்த்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, கீழே விழுந்த அடி இருந்தால் பரிசோதனை அவசியம். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. மலவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.