வளைந்த கிளாம்பை வீசாதீர்கள். விரிசல் கண்டதை நம்பாதீர்கள்!

தச்சு வேலை தெரிந்தவர் இருக்கும் வீட்டில், கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்த சாமான்களோடு ஒரு பழைய பிஸ்கட் டின் கிடக்கும். அதில் வளைந்துபோன கிளாம்ப் ஒன்றாவது இருக்கும். "புதிது வாங்க வேண்டும்" என்று ஒதுக்கப்பட்ட அந்த இரும்புக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் பலம் இருக்கலாம். ஆனால், தொட்டவர் கையைப் பதம் பார்க்கும் ஆபத்தும் அதில் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் காசும் மிச்சம், கையும் பத்திரம்.

பசை தடவிய பலகைகளைக் காயும்வரை இறுகப் பிடித்திருப்பது கிளாம்பின் வேலை. ஆங்கில 'ஜி' எழுத்தைப் போல இருப்பது ஜி கிளாம்ப். மேசை விளிம்பில் திருகி மாட்டுகிறோமே தேங்காய்த் துருவி, அதன் அடியில் இருப்பதும் ஒரு சிறு கிளாம்ப்தான். ஆகவே இது ஆண்களுக்கு மட்டுமான சங்கதி அல்ல!

எந்த இரும்பு?

முதலில் உடல் பகுதியைப் பாருங்கள். அடித்து உருவாக்கிய எஃகு, பலம் மிஞ்சினால் வளையும். வார்ப்பிரும்போ அநேகமாக வளையாது. சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முறிந்த இடம் சாம்பல் நிறமாய், குருணை குருணையாய் இருந்தால் அது வார்ப்பிரும்பு. சந்தேகமாக இருந்தால் வார்ப்பிரும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முயலக் கூடாது.

அடுத்து விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்து, அதன்மேல் சுண்ணக்கட்டியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கண்டால் அந்த உடலுக்கு வேலை முடிந்தது. வெல்டிங் வைத்துப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். வார்ப்பிரும்பைச் சாதாரணமாக ஒட்டவைத்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மீண்டும் வெடிக்கும். இறுக்கத்தில் இருக்கும்போது அது முறிந்து தெறித்தால், கண்ணிலும் படலாம்.

திருகாணியை நிமிர்த்துவது எப்படி?

பெரும்பாலும் வளைவது உடலல்ல, திருகாணிதான். கைப்பிடியில் குழாயை மாட்டி இறுக்குவதும், பலகையைக் கோணலாகப் பிடிப்பதும் அதற்குக் காரணம். நுனியில் உள்ள வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, திருகாணியை வெளியே எடுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அதை உருட்டினால் எங்கே மேடு என்று தெரியும். அங்கே சுண்ணக்கட்டியால் அடையாளம் வையுங்கள்.

பிறகு மூன்று கட்டைத் துண்டுகள் வேண்டும். வைஸின் ஒரு தாடையில் இரண்டு கட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின்மேல் திருகாணியின் இரு பக்கமும் படியட்டும். எதிர்த் தாடையில் ஒரு கட்டை, மேட்டின்மேல் நேராக அழுத்தட்டும். மெதுவாக இறுக்குங்கள். இரும்பு சற்றே பின்வாங்கும் என்பதால், நேர்நிலைக்கு ஒரு நூல் அதிகமாக அழுத்திவிட்டுத் தளர்த்திப் பாருங்கள். மரையின்மேல் சுத்தியல் படவே கூடாது. ஒரு முறை நிமிர்த்தியது அதே இடத்தில் மீண்டும் வளைந்தால் மாற்றிவிடுவதே நல்லது. வளைந்து நிமிர்ந்து அந்த இடம் களைத்துவிட்டது என்று பொருள்.

மரையில் துரு இருந்தால் ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி உலர்த்தி, கிரீஸ் தடவுங்கள். நசுங்கிய மரையை முக்கோண அரத்தால் மெல்லச் சீராக்கலாம். நுனித் தகடு தொலைந்துபோனால், கனமான கட்டைத் துண்டில் பாதி ஆழம் குழி துளைத்து நுனியில் செருகுங்கள்.

நீளக் கம்பியில் தாடை நகரும் கிளாம்ப் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். தாடை சற்றுச் சாய்ந்து கம்பியைக் கவ்வுவதால்தான் அது நிற்கிறது. அந்தக் கம்பியில் எண்ணெய் தடவினால் வழுக்கும். எண்ணெய் திருகாணிக்கு மட்டுமே.

உதவாததும் உதவும்

உடல் முறிந்தாலும் திருகாணி நன்றாக இருக்கலாம். மரை உள்ள பகுதியை மட்டும் இரும்பு வாளால் அறுத்தெடுங்கள். வைரமான மரத்தில் ஒரு செவ்வகச் சட்டம் செய்து, மேல்கட்டையில் துளையிட்டுத் திருகாணியை இறக்குங்கள். அறுத்தெடுத்த மரைத் துண்டு மேல்கட்டைக்குக் கீழே, சட்டத்தின் உட்புறம் இருக்க வேண்டும். அப்போதுதான் இறுக்க இறுக்க அது கட்டையோடு அழுந்தி நிற்கும். பலகை ஒட்ட நல்ல அழுத்துப்பொறி தயார்.

கிளாம்பே இல்லையா? நாற்காலிக் கால் ஒட்ட, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினாலே போதும்.

பழுது பார்த்த கிளாம்பை முதலில் கழிவுப் பலகைகளில் கைபலத்தால் மட்டும் இறுக்கி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அப்போது முகத்தை ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பாரம் தூக்க எந்தக் கிளாம்பையும் பயன்படுத்தாதீர்கள்.

சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் உழைத்துச் சாப்பிடும் நமக்குக் கையும் கண்ணும்தான் முதல். வளைந்ததை நிமிர்த்துவோம், விரிசல் கண்டதைத் தயங்காமல் பழைய இரும்புக்காரரிடம் தந்துவிடுவோம்!