இடித்துக் கட்டுவதா, மராமத்தா?

பழைய வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் ஒழுகுகிறது. மாடிப்படி செங்குத்து, தெரியாதவர்கள் ஏறினால் உருளுவார்கள். ஆனாலும் அந்த வீதியில் வழி கேட்பவர்களுக்கெல்லாம் அந்த வீடுதான் அடையாளம். "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்கிறார் மூத்த பிள்ளை. "மராமத்துப் பார்த்தால் இன்னும் நாற்பது வருஷம் நிற்கும்" என்கிறார் இளையவர். இந்தத் தகராறு நடக்காத குடும்பம் உண்டா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு மோட்டார் கம்பெனிக்குள் இதே தகராறு பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. அங்கே வீட்டுக்குப் பதில் ஒரு கார். போர்ஷே 911 என்பது அதன் பெயர். செங்குத்தான மாடிப்படியும் அதற்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மோட்டார்க்காரர்கள் 'பிளாட்பாரம்' என்று ஒரு வார்த்தையைப் பிரயோகிக்கிறார்கள். ரயில் வந்து நிற்கும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரின் தரைத் தகடு, என்ஜின் உட்காரும் இடம், சக்கரங்களைத் தாங்கும் கைகள் வந்து இணைகிற முனைகள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததுதான் பிளாட்பாரம். மேலே இருக்கிற தகட்டை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், ஸீட்டுக்குப் புதுத் தோல் போடலாம். பிளாட்பாரத்தை மாற்றுவதென்றால் அஸ்திவாரத்தையே தோண்டுவதாகும். தகடுகளை அழுத்தி வடிக்கும் பெரிய பெரிய அச்சுகள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். சின்னக் கம்பெனியாக இருந்தால் அதிலேயே கஜானா காலியாகிவிடும்.

911-ன் அஸ்திவாரத்தில் அப்படி என்ன விசேஷம்? என்ஜின் பின்னால் இருக்கிறது. வெறுமே பின்னால் என்று சொன்னால் போதாது; பின் சக்கரங்களின் அச்சுக்கும் பின்னால், வாலில் கட்டிய மூட்டையைப் போல் தொங்குகிறது. போர்ஷே பெயரில் 1948-ல் தயாரான முதல் வண்டியில் என்ஜின் அச்சுக்கு முன்னால், வண்டியின் நடுவில்தான் இருந்தது. விற்பனைக்கு என்று செய்யும்போது அதைப் பின்னால் தள்ளினார்கள். காரணம் மிகவும் குடும்பப்பாங்கானது. நடுவில் என்ஜின் இருந்தால் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் தள்ளினால் குழந்தைகள் உட்கார இரண்டு சின்ன ஸீட் கிடைக்கும், பெட்டி படுக்கை வைக்கவும் இடம் உண்டு!

அந்த வழியில் வந்த 356 என்ற வண்டிக்கு வாரிசாக 1963-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் ஒரு புது வண்டியை வைத்தார்கள். அதன் உருவத்தை வரைந்தவர், கம்பெனியை ஸ்தாபித்தவரின் பேரர் ஃபெர்டினான்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே. முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கே சொந்தம் என்று பிரான்ஸின் பேஜோ கம்பெனி ஆட்சேபிக்கவே, பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். ஆறு சிலிண்டர், இரண்டு லிட்டர், 130 குதிரை சக்தி. தண்ணீர் கிடையாது, ஒரு விசிறி காற்றை அடித்து என்ஜினைக் குளிரவைக்கும்.

இப்போது அந்த மாடிப்படிக்கு வருவோம்.

மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தானே மூட்டை ஏற்றுவார்கள்? 911 பிறவியிலேயே பின்பாரம். மொத்தப் பாரத்தில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு பின் சக்கரங்களின் மேல். இதனால் நன்மையும் உண்டு. கிளம்பும்போது பின் சக்கரங்கள் தரையைக் கவ்விப் பிடிக்கும்; பனியிலும் சறுக்காது. 1968, 69, 70 என்று தொடர்ந்து மூன்று வருஷம் மான்டி கார்லோ ராலியில் 911 ஜயித்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் வேகமாக வளைவில் போகும்போது, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தீர்களானால் போச்சு! பாரம் முன்னால் சாயும், பின் சக்கரங்களின் பிடி தளரும், வாலில் தொங்கும் என்ஜின் வண்டியைச் சுழற்றிவிடும். பயந்த மனிதன் இயல்பாக என்ன செய்வானோ அதுவே அவனுக்கு ஆபத்தாக முடியும். 1974-ல் டர்போ என்று 260 குதிரை சக்தியில் ஒன்று வந்தது. அதற்கு 'விதவைகளை உண்டாக்கும் வண்டி' என்று ஐரோப்பாவில் பட்டப்பெயரே ஏற்பட்டுவிட்டது. ஆகையால் இந்தத் தகராறை வெறும் ரசனைச் சண்டை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

கம்பெனியார் சும்மா இருக்கவில்லை. ஆரம்பத்தில் செய்த வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: முன்பக்க பம்பருக்குள் வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்துப் பாரம் ஏற்றினார்கள்! 1968-ல் கொஞ்சம் உருப்படியாக யோசித்தார்கள். என்ஜினை இருந்த இடத்திலேயே விட்டு, பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னே தள்ளினார்கள். ஒரு பெரிய பாட்டரிக்குப் பதிலாக இரண்டு சின்ன பாட்டரிகளை மூக்கின் இரண்டு ஓரங்களிலும் வைத்தார்கள். 57 மில்லிமீட்டர் என்பது நாலு விரல்கடைகூட இல்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் வண்டியின் குணமே மாறிவிட்டது என்றார்கள்.

இதற்குள் வெளியே காற்று மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகம், பின்னால் என்ஜின் வைத்த ஷெவர்லே கோர்வேர் என்ற காரைக் கிழித்து எறிந்தது. புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் வந்தன. 1970-களில் போர்ஷேயை நிர்வகித்த எர்ன்ஸ்ட் ஃபூர்மன் இவற்றையெல்லாம் பார்த்தார். அவர் சாமானியர் அல்ல. சிறந்த என்ஜின் நிபுணர். மேலே சொன்ன டர்போ அவர் காலத்தில் வந்ததுதான். அப்படிப்பட்டவரே 911-க்கு இனி ஆயுள் இல்லை என்று தீர்மானித்தார். மராமத்து வேண்டாம், வேறு மனையில் வேறு வீடு!

அதுதான் 1977-ல் வந்த 928. எட்டு சிலிண்டர் என்ஜின் முன்னால், கியர் பெட்டி பின்னால், தண்ணீர் குளிர்ச்சி. பாரம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். 1978-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசை வாங்கியது. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கடைக்கு வந்தவர்கள் 928-ஐச் சுற்றிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, 911 வாங்கிக்கொண்டு போனார்கள்!

1981-ல் பீட்டர் ஷுட்ஸ் என்பவர் தலைமைக்கு வந்தார். பெர்லினில் பிறந்த யூதர். சிறு பிள்ளையாக இருந்தபோது நாஜிகளுக்குத் தப்பிக் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். லாரி, டிராக்டர் என்ஜின்களில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையில் எல்லோர் முகமும் வாடிக் கிடந்ததைக் கண்டார். 911-ஐ நிறுத்தப் போகிறார்கள் என்பதுதான் காரணம். பிற்பாடு அவரே பல தடவை சொன்ன கதை இது: தலைமை எஞ்சினீயர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. எந்த வண்டி எந்த வருஷம் வரையில் என்று கோடுகள். மற்ற வண்டிகளின் கோடுகள் நீண்டு போயின. 911-ன் கோடு மட்டும் 1981-ல் நின்றது. ஷுட்ஸ் ஒரு பேனாவை எடுத்தார். அந்தக் கோட்டைப் படத்தின் விளிம்பு வரைக்கும் இழுத்தார். அப்புறம் சுவரிலே இழுத்தார். கதவுக்கு வெளியேயும் கொண்டுபோனார். திரும்பிப் பார்த்தபோது போட்டின் முகத்தில் சிரிப்பு!

நல்ல கதைதான். ஆனால் சுவரில் கோடு இழுப்பதால் ஒழுகல் நின்றுவிடுமா? அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

1988-ல் 964 என்ற உள் எண்ணோடு வந்த 911, பார்வைக்கு அண்ணனை உரித்து வைத்தாற்போல் இருந்தது. உள்ளேயோ நூற்றுக்கு 80-க்கு மேல் புதுச் சாமான்கள். முறுக்குக் கம்பிகள் போய்ச் சுருள் வில்கள் வந்தன. நாலு சக்கரங்களுக்கும் விசை போயிற்று. பிரேக் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏற்பாடும் வந்தது. 1993-ல் வந்த அடுத்த வண்டியில் பின் சக்கரத் தாங்கலை அடியோடு மாற்றினார்கள். செங்குத்துப் படி சாய்மானப் படியாயிற்று. படி இருந்த இடம் மட்டும் மாறவில்லை.

ஆனாலும் மராமத்துக்கு ஓர் எல்லை உண்டு. சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்தால்தான் புகைச் சட்டத்துக்கும் சக்திக்கும் ஈடு கொடுக்க முடியும். நாலு வால்வுக்கு நடுவில் ஏறும் உஷ்ணத்தைக் காற்றால் மட்டும் இறக்குவது பிரம்மப் பிரயத்தனம். மேலும் தண்ணீர் உறை சத்தத்தையும் அடக்கும். விசிறி அதை அதிகப்படுத்தும். இதற்கிடையில் கம்பெனியின் நிலைமையும் மோசம். 1986-க்குப் பின் ஏழே வருஷத்தில் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. நிர்வாகத்துக்கு வந்த வென்டலின் வீடகிங், ஜப்பானில் டொயோட்டாவில் பழகிய நிபுணர்களை வரவழைத்துத் தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினார். பிறகு இடித்துக் கட்டினார்.

1997-ல் வந்த 996-ல் பழைய தகடு ஒன்றுகூட மிச்சமில்லை. தண்ணீர் குளிர்ச்சி வந்துவிட்டது. செலவைக் குறைப்பதற்காக, மூக்கிலிருந்து கதவு வரையில் பாக்ஸ்டர் என்ற மலிவான தம்பி வண்டியோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். அதன் முன் விளக்குகளைப் பொரித்த முட்டை என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். 2004-ல் பழைய வட்ட விளக்கு திரும்பி வந்தது. விளக்கு போகட்டும். புது என்ஜினில் இடைத்தண்டின் பேரிங் ஒன்று சிலருக்கு உடைந்து, என்ஜினையே நாசம் செய்தது; விவகாரம் அமெரிக்கக் கோர்ட்டு வரையில் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே 996-ல் விலை உயர்ந்த டர்போவுக்கும் ஜிடி3-க்கும் மட்டும் கம்பெனியார் பழைய காற்று என்ஜினின் உடற்கட்டையே வைத்துக்கொண்டு, தண்ணீர் உறையை மாட்டியிருந்தார்கள். அவற்றுக்கு அந்த வியாதி வரவில்லை.

இருந்தாலும் 1997-ல் இடித்துக் கட்டியது சரி என்பதே என் அபிப்பிராயம். கட்டாவிட்டால் இன்று பேசுவதற்குக் கம்பெனி இருந்திருக்குமா என்பதே சந்தேகம். 1977-ல் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. 1977-ல் வாங்குகிறவனைப் பார்த்து, "நீ விரும்புவது தப்பு" என்றார்கள். 1997-ல் அவன் விரும்பியதை, அதாவது அந்த உருவம், பின்னால் என்ஜின், இரண்டு குழந்தை ஸீட் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சட்டமும் கணக்கும் இடித்தே ஆகவேண்டும் என்று சொன்னதை மட்டும் இடித்தார்கள். சிக்கனம் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

"அப்படியானால் என்ஜினின் இடத்தை மட்டும் ஏன் மாற்றக்கூடாது?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மாற்றியிருக்கிறார்கள். 1953-லிருந்து முன்னால் என்ஜினோடு வந்த ஷெவர்லே கார்வெட், 2019-ல் அறிமுகமான எட்டாவது தலைமுறையில் நடுவில் என்ஜின் வண்டியாகிவிட்டது. ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்ற எஞ்சினீயர் 1960 வாக்கிலேயே இதற்காகச் சோதனை வண்டி செய்து மன்றாடினார். பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1996-ல் காலமானார். அந்தப் புது வண்டி நன்றாகவே விற்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: கார்வெட்டுக்கு என்றைக்குமே பின் ஸீட் கிடையாது. என்ஜினை நடுவில் கொண்டுவந்ததில் உட்கார இடம் இழந்தவர் யாரும் இல்லை. 911-லோ, என்ஜினை முன்னே நகர்த்தினால் முதலில் இறங்க வேண்டியவர்கள் குழந்தைகள்.

இது வெறும் ஊகமல்ல. பந்தயத்தில் குழந்தைகளுக்கு வேலையில்லையே! 911 என்ற பெயரோடு 1998-ல் லெமான் 24 மணிப் பந்தயத்தில் முதலாக வந்த வண்டியில் என்ஜின் நடுவில்தான் இருந்தது. 2017-ல் களத்தில் இறங்கிய 911 ஆர்.எஸ்.ஆர். பந்தய வண்டியிலும் என்ஜினை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அது 2018-லும் 2022-லும் லெமானில் தன் வகுப்பில் ஜயித்தது. கௌதிகம் என்னவாக இருந்தாலும், ஸ்டாப் வாட்ச் கையில் இருக்கும்போது போர்ஷேக்காரர்களே பின்பாரத்தை விட்டுவிடுகிறார்கள்!

வீதியில் ஓடும் 911-ல் 2011-ல் சக்கர இடைவெளி இன்னொரு 100 மில்லிமீட்டர் நீண்டது. 2017-ல் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. எந்த வண்டி அதை ஒழித்துக்கட்ட வந்ததோ, அந்த 928 சுமார் 61,000-தோடு 1995-லேயே நின்றுவிட்டது. இப்போது தகராறு வேறு ரூபத்தில் வந்திருக்கிறது, மின்சாரம். பெரிய பாட்டரி மூட்டையைத் தரையில் பரப்பினால் பழைய பிளாட்பாரத்தில் இடம் இல்லை. ஆகவே 2024-ல் பாதி வழியாக ஒன்று செய்தார்கள். பெட்ரோல் என்ஜின் அதே இடத்தில். கியர் பெட்டிக்குள் ஒரு மின்சார மோட்டார். இரண்டும் சேர்ந்து 541 குதிரை சக்தி. அதற்கு வேண்டிய பாட்டரியைச் சின்னதாகச் செய்து, வண்டியின் மூக்கில் வைத்திருக்கிறார்கள்.