"மாடி ஏற முடியுமா?" என்று கேட்டார்கள்... "ஏன் வேலை இல்லை?" என்று கேட்டோம்!



நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வாக்கப்பட்டது ராஜபாளையம். கணவருக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அம்மா வீடு. அதனால் அங்கே நல்லது, கெட்டது எது நடந்தாலும் அன்றைக்கே என் காதுக்கு வந்துவிடும். போன வருஷம் அங்கே நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லணும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

என் தங்கைக்கு ரெண்டு வயசில் போலியோ வந்தது. அது 1994. நாடு முழுக்க சொட்டு மருந்து முகாம் ஆரம்பித்தது அதற்கு மறு வருஷம். "ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா"ன்னு அம்மா இன்றைக்கும் புலம்புவார். இடது காலில் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். ஆனாலும் பி.காம். முடித்தாள். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலும் ஹையர் பாஸ். தெருவில் யாருக்கு மனு எழுதணும் என்றாலும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலி என்று விளம்பரம் வந்தது. அதுவும் கால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ஒதுக்கிய இடம். விண்ணப்பம் போட்டாள். டைப்பிங் தேர்வு நன்றாகச் செய்தாள். இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தவள், "டைப்பிங் பத்தி ஒண்ணுமே கேக்கலைக்கா. ஆபீஸ் மாடியில இருக்கு, ஏறி இறங்க முடியுமாம்மான்னு மட்டும் கேட்டாங்க. பழக்கம்தான் சார்னு சொன்னேன்" என்றாள்.

ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. 'தாங்கள் தேர்வு செய்யப்படவில்லை.' அவ்வளவுதான், ஒரே வரி.

நான் செய்த தப்பை இங்கே மறைக்க விரும்பவில்லை. "விடுடி, நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்"னு அவளை அடக்கியது நான்தான். அவள் அழவில்லை. "மார்க் குறைஞ்சு போச்சுன்னா சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன். ஏன்னு தெரியாம எப்படிக்கா விடறது?" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சின்ன வயசில் அவள் எதைக் கேட்டாலும் "உன்னால முடியாதுடி"ன்னு முதலில் சொன்னது நானும் அம்மாவும்தானே என்று உறுத்தியது.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெரு வக்கீல் ஐயாவிடம் போனேன். "சண்டை போட வேண்டாம்மா, கேள்வி மட்டும் கேளுங்க" என்றார். 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால், 30 நாளைக்குள் அந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டுமாம். தங்கையே மனுவை டைப் செய்தாள். மூன்றே கேள்விகள். எனக்கு எத்தனை மார்க்? ஒதுக்கிய இடத்தில் யாரை நியமித்தீர்கள்? என்னைத் தேர்வு செய்யாததற்குக் காரணம் என்ன? ரிஜிஸ்டர் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்பினோம்.

விஷயம் தெரிந்ததும் எங்க வீட்டுக்காரர், "பெரிய இடத்தோட எதுக்கு மோதணும்? நாளைக்கு வேற வேலைக்கும் இடைஞ்சலாயிடும்" என்று சத்தம் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

28வது நாள் பதில் வந்தது. டைப்பிங் தேர்வில் என் தங்கைதான் முதல் மார்க்! ஒதுக்கிய இடத்தில் யாரையுமே நியமிக்கவில்லை. காரணம்: 'மாடிப் பிரிவில் பணிபுரிய இயலாது எனக் கருதப்பட்டது.'

நியாயத்தைப் பாருங்கள். கால் முடியாதவருக்கென்று ஒரு இடத்தை ஒதுக்கிவிட்டு, கால் முடியாது என்பதற்காகவே வேண்டாம் என்கிறார்கள்!

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று வக்கீல் ஐயா சொன்னார். டில்லியைச் சேர்ந்த இரா சிங்கால் என்ற பெண்ணுக்கு முதுகெலும்பு வளைவு. 2010 சிவில் சர்வீஸ் தேர்வில் பாஸ் செய்து வருமானப் பணி கிடைத்தும், உன்னால் எதையும் தள்ள, இழுக்க, தூக்க முடியாது என்று வேலை தர மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தார். அதோடு விட்டாரா? 2014 தேர்வில் இந்தியாவிலேயே முதலிடம் வந்தார், அதுவும் பொதுப் பட்டியலில்!

கேட்டவர்கள் எல்லாரும் ஜெயித்துவிடவில்லை. நம் தமிழ்நாட்டில் 2014ல் சிவில் நீதிபதி வேலைக்கு விளம்பரம் வந்தபோது, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்கள்தான் ஒதுக்கீட்டில் வரலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். 70 சதவீதம் குறைபாடுள்ள சுரேந்திர மோகன் வழக்குப் போட்டார். ஐகோர்ட்டில் தோற்றார். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றார். ஆனால் 2021ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே, அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாக எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச் 3ந் தேதி, பார்வையில்லை என்ற காரணத்துக்காக யாரையும் நீதிபதி வேலைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பே வந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பதில் கிடைத்தது.

எனக்குப் புரிந்த சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995 சட்டத்தில் ஒதுக்கீடு 3 சதவீதம். 2016 சட்டத்தில் அது 4 சதவீதமானது. அதில் 1 சதவீதம் கை, கால் பாதிப்பு உள்ளிட்டவர்களுக்கு. வேலை செய்வதற்குத் தேவையான வசதியைச் செய்து தர வேண்டியது அரசு அலுவலகத்தின் கடமை. டைப்பிஸ்டை மாடியில்தான் உட்கார வைக்கணுமா? கீழே ஒரு மேஜை போட்டால் ஆகாதா? தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று இடத்தைக் காலியாக விட்டாலும், அந்த இடம் அடுத்த வருஷ நியமனத்துக்குப் போக வேண்டுமே தவிர காணாமல் போகக் கூடாது.

ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் இதற்கென்று குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கும், சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் தங்கை மனு அனுப்பியிருக்கிறாள். ஆணையர் பரிந்துரைதான் செய்ய முடியும். ஆனால் பரிந்துரை வந்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூணு மாசத்துக்குள் அந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டும்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லிப் போன வாரம்தான் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கு சத்தம் போட்ட எங்க வீட்டுக்காரரே, "நான் லீவு போட்டுட்டு கூட வர்றேன், டிக்கெட் எடுக்கட்டுமா?"ன்னு கேட்கிறார்! அம்மா ஆண்டாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். தங்கையோ பதில் கடிதம், மார்க், அடையாள அட்டை எல்லாவற்றையும் வரிசையாக ஃபைலில் அடுக்கி, "இப்ப காரணம் தெரிஞ்சு போச்சுல்லக்கா, இனி நான் பேசிக்கறேன்" என்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு வரிக் கடிதம் ஏதாவது மடித்து வைத்திருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். அதில் காரணம் எழுதியில்லை என்றால், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்னைப் போல "விடுடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, ராஜபாளையம்