பழனி மலைத் தொழில்கள் – 9: நீலப் பீப்பாயும் நுரையும்

தைல மரத்து இலையைக் கொப்பரையிலிட்டு எண்ணெய் இறக்கும் அடுப்புகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அவற்றைக் காணச் சென்ற பிரயாணத்தின் திரும்புகாலில், பூம்பாறைக்கு அப்பால் மன்னவனூர்ச் சாலையோரத்துச் சிற்றூர் ஒன்றில், மகளிர் சுயஉதவிக் குழுவினர் சிலர் ஷாம்புவும் கை கழுவும் திரவ சோப்பும் தயாரிக்கிற தகரக் கொட்டகையில் அரை நாள் தங்க நேர்ந்தது. அங்கே கண்டதைச் சொல்லாமல் அடுத்த தொழிலுக்குச் செல்ல எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

மார்கழிக் காலை. கொட்டகையின் மூலையில் நின்ற நீலப் பீப்பாயில், சமவெளிக் கடைகளில் ‘எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட்’ என்று விலை சொல்லப்படும் பொருள் இருந்தது. சோடியம் லாரெத் சல்பேட் என்பது அதன் முழுப் பெயர். கடையில் நாம் வாங்கும் ஷாம்புகளிற் பெரும்பாலானவற்றின் நுரைக்கு மூலகாரணம் அதுவே. மதுரை வெயிலில் தேன்போல் இழுபட்டு ஒழுகக்கூடிய அந்தக் களிம்பு, ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் இறுகி, அகப்பைக்கு வசப்படாத வெண்ணெய்க் கட்டியாய் அமர்ந்திருந்தது. குழுவின் மூத்த அம்மையார், அதை இளக்கும் பொருட்டு, வாளியில் வெட்டிப் போட்ட களிம்பின்மேல் கொதிநீரை ஊற்றினார். இளகுவதற்குப் பதிலாக அது கண்ணாடிபோன்ற கூழாக உறைந்து, துடுப்பையே பிடித்துக்கொண்டது. சூடு சற்றுத் தணிந்ததும் அவர், இது தினமும் நடப்பதுதான் என்பதுபோல், வலக்கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கட்டிகளைப் பிசைந்து உடைக்கத் தொடங்கினார்.

வேலை முடிந்து கையைக் கழுவியபின் அந்தக் கையைப் பார்த்தேன். விரலிடுக்குகளில் தோல் உரிந்திருந்தது; உள்ளங்கையில் கோடு கோடாய் வெடிப்பு. “பனிக்கு வெடிச்சதுங்கய்யா. சித்திரை பிறந்தா தானா ஆறிரும்” என்றார். இடக்கையைக் காட்டச் சொன்னேன். அதில் ஒரு கீறலும் இல்லை. பனி ஒரு கையைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லையே என்று நான் சொன்னபோது, அவர் இரண்டு கைகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூழ் உறைந்ததற்குக் காரணம் உண்டு. பீப்பாயிலுள்ள களிம்பில் நூற்றுக்கு எழுபது பங்கு நுரைப்பொருள்; புட்டியில் அடைபடும்போது அது பத்து, பதினைந்து பங்காக இறங்கிவிடும். ஆனால் எழுபதிலிருந்து பத்துக்கு இறங்குகிற வழி நேரானதன்று. ஏறத்தாழ அறுபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட செறிவில், அதன் நுண்துகள்கள் கட்டுக்கட்டாக அணிவகுத்து, மூலக்களிம்பைக் காட்டிலும் கெட்டியான கூழாகிவிடுகின்றன. களிம்பின்மேல் நீரை ஊற்றினால் முழுவதும் அந்த இடைநிலையிற் சிக்கிக்கொள்ளும்; நீரை முதலில் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, களிம்பைச் சிறிது சிறிதாக அதிலிட்டு, நுரை எழாதபடி மெல்லக் கிளறினால் சிக்காமல் கரைந்துபோகும். குளிரில் இறுகிய களிம்பை, மூடிய பாத்திரத்தோடு வெந்நீர்த் தொட்டியில் சிறிது நேரம் இருத்தி வைத்தால் தானே நெகிழும். நேரடித் தீயும் கொதிநீரும் வேண்டியதில்லை. ஊற்றும் வரிசையை மாற்றினால், கையை உள்ளே விடவேண்டிய அவசியமே எழாது! இத்தனை எளிய செய்தி, பீப்பாய் ஏறி வந்த அதே லாரியில் ஏறி வராமற்போனதே என்பதுதான் என் ஆற்றாமை.

நுரைப்பொருள் என்பது நமக்கு அந்நியமான வஸ்துவன்று. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இந்த மலைச் சரிவுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்கு இறங்கியவை. அவற்றிலுள்ள சபோனின் என்னும் சத்தும் செய்வது இதே காரியந்தான். ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். இடையில் நின்று இரண்டையும் இணக்கி அழுக்கைக் கொண்டுபோய்விடும். லாரெத் என்ற பெயரிலுள்ள ‘லார்’ கூட, தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்தின் உறவைச் சொல்வது. சனிக்கிழமைதோறும் நம் பாட்டிமார் முதலில் எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்து, அதன்பின் வடிகஞ்சியிற் குழைத்த சீயக்காயை இட்டு, “கண்ணை இறுக்க மூடிக்கடா” என்று அதட்டியதை எண்ணிப் பார்த்தால், அதில் ஒரு கையாளும் சாஸ்திரம் அடங்கியிருப்பது தெரியும். அழுக்கை எடுக்கும் பொருளுக்குத் தோலின் சொந்த நெய்யையும் மேல் எண்ணெயையும் பிரித்தறியத் தெரியாது. மேலே தேய்த்த எண்ணெய் அதற்கு முதலில் ஈடுகொடுக்கிறது. அந்த அம்மையாரின் வெறுங்கையிலோ, ஷாம்புவைக் காட்டிலும் பன்மடங்கு செறிந்த பொருளுக்கு ஈடுகொடுக்கத் தோலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. லாரெத் சல்பேட்டின் உறவுப் பொருளான சோடியம் லாரில் சல்பேட்டைத்தான், தோல் எரிச்சலை ஆராயும் மருத்துவர்கள், வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்ப்பதற்குரிய அளவுகோலாக உலகெங்கும் வைத்திருக்கிறார்கள்.

கண்ணைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சீயக்காய் கண்ணில் விழுந்தால் அழுது தீர்த்துவிடலாம். செறிந்த களிம்பு தெறித்தால் விழியின் மேற்படலமே புண்ணாகக்கூடும். இமையை விரித்துப் பிடித்துக் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரை ஓடவிட்டு, பிறகு தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். மலைக்கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகுமாதலால், அந்தக் கால்மணி நேரத்து நீர்தான் பார்வையைக் காக்கும் முதற்சிகிச்சை. லாரில் சல்பேட் தூளாக வரும்போது அதன் தூசி மூக்கையும் தொண்டையையும் அறுத்துவிடும். மூக்கை மூடிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, தாழ்வாகப் பிடித்துக் கொட்டவேண்டும். மிஞ்சிய கலவையைப் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கத்தை அங்கேயும் கண்டு திடுக்கிட்டேன். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது பானமாகத்தானே தெரியும்? தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தியோடு பொங்கும் நுரை நுரையீரலுக்குள் இறங்குவதுதான் அங்கே பெரிய அபாயம்.

கொடைக்கானல் மலையில் நின்று இதை எழுதும்போது பாதரசத்தை நினையாதிருக்க இயலவில்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த உஷ்ணமானித் தொழிற்சாலை 1983-இல் இங்கே குடிபெயர்ந்தது. முகப்பூச்சுகளுக்குப் பெயர்பெற்ற பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து, சோப்பும் ஷாம்புவும் விற்கும் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு அது பின்னர் வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது வெளிப்பட, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறிற்று. தொழிலாளரின் நோய்களுக்கு ஆலை காரணமன்று என்று நிறுவனம் வாதிட்டுவந்தது. முடிவில், 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. பாதரசமும் நுரைப்பொருளும் ஒரு தரமல்ல. அது மண்ணிலும் மீனிலும் தங்கித் தலைமுறைகளைத் தொடர்வது, இது கிருமிகளால் நாளடைவில் சிதைந்துபோவது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. ஆனால், கையாளும் பொருளின் தன்மை தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அந்த முன்னாள் தொழிலாளர் பலர் உரைத்த குறையையும், “பனிக்கு வெடிச்சது” என்ற சொல்லையும் என் மனம் அடுத்தடுத்தே வைத்துப் பார்க்கிறது. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, அபாயத்தைத் தொழிலாளிக்கு அறிவிப்பது ஆலையின் கடமையாயிற்று; ஆறு பெண்கள் கூடிச் செய்யும் தகரக் கொட்டகைக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை. களிம்போடு வரவேண்டிய பாதுகாப்புக் குறிப்பு ஏட்டைக் கேட்டேன்; குழுவின் கணக்குப்பிள்ளைப் பெண் ஒரு கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முழுவதும் ஆங்கிலம்.

பிற்பகல் முழுதும் அந்த ஏட்டைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் பள்ளிக்கூடத்து நோட்டில் எழுதிக்கொண்டாள். இடையே மூத்த அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: “வாளியைக் கழுவுற தண்ணியை ஓடையிலதாங்கய்யா ஊத்துறோம், அது தப்புங்களா?” சிதைந்துபோகும் பொருளாயினும், சிதையுமுன் அது மீனின் செவுளைப் புண்படுத்தும்; பூந்திக்கொட்டையை நசுக்கி நீரிலிட்டால் மீன் மயங்கி மிதப்பதும் இந்த வழியில்தான். மலையில் ஓடை என்றால் அது கீழூரின் குடிநீர். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிவதே வெள்ளி அருவியாய் விழுகிறது. பாம்பாறு கும்பக்கரையில் குதித்துப் பெரியகுளத்துச் சீமைக்குப் போகிறது. இதை நான் விளக்கி முடிக்குமுன்பே அவருக்கு வேறொரு யோசனை தோன்றிவிட்டது. கழுவுநீரில் இருப்பதும் விலைகொடுத்து வாங்கிய சரக்குத்தானே என்றார். அதை மூடிவைத்து, மறுநாள் காலை முதலிற் பாத்திரத்தில் ஊற்றும் நீராக அதையே எடுத்துக்கொள்வதென்று அங்கேயே தீர்மானமாயிற்று.

நான் புறப்படும்போது கணக்குப்பிள்ளைப் பெண், கழுவுநீரை மூடிவைத்த குடத்தின்மேல் கரியால் ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். மூத்த அம்மையார், கொடைக்கானல் சந்தையில் முழங்கைவரை எட்டும் கையுறை என்ன விலைக்குக் கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்.

(தொடரும்)