எட்டரை மணியும் மூன்று மணியும்

நம் வானிலை நிலையங்களில் நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழைமானியை அளந்து குறிக்கிறோம். எட்டு மணி என்றோ ஒன்பது மணி என்றோ கொள்ளாமல் எட்டரை மணி என்று ஏன் வைத்தார்கள்? அவ்வேளையில் உலகப் பொது நேரம் சரியாக மூன்று மணி. உலகெங்குமுள்ள நிலையங்கள் மூன்று மணிக்கொரு முறை ஒரே கணத்தில் வானிலையை நோக்குகின்றன. அவ்வரிசையில் இதுவும் ஒன்று.

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை ஆதாரமாகக் கொண்டது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது; ஆதலின் நம் கடிகாரம் உலக நேரத்துக்கு 5½ மணி முந்தியிருக்கிறது.

இக்கணக்கை இன்று பெரும்பாலும் கணிப்பொறியே செய்துவிடுகிறது. ஆயினும் நாம் அதற்கு எதைக் கொடுக்கிறோமோ அதையே அது கணக்கிடும். 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு ஒரு நில அதிர்ச்சி பதிவானதாகக் கொள்வோம். உலக நேரப்படி அது பிப்ரவரி 29ஆம் நாள் இரவு 8.30 மணி. மணியை மாற்றித் தேதியை மாற்றாது விட்டால் நிகழ்ச்சி ஒருநாள் தள்ளிப் பதிவாகும். மாதக் கணக்கும் பிழைபடும்.

பழைய ஏடுகளிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நம் கடிகாரங்கள் ஒரு மணி முன்னால் வைக்கப்பட்டிருந்தன. அக்காலக் கடிகார நேரத்திலிருந்து கழிக்க வேண்டியது 6½ மணி.

இனி, கூட்டங்களுக்கு நாள் குறிக்கும் தானியங்கி நாட்காட்டியைக் கருதுவோம். லண்டனில் வாரந்தோறும் காலை 10 மணிக்கு நடைபெறும் கூட்டம் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 3.30 மணி. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பர். அதன்பின் அதே கூட்டம் நமக்கு 2.30 மணி. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பழைய நிலை திரும்பும். '5½ மணி வேறுபாடு' என்ற எண்ணை மட்டும் எழுதிவைத்த நாட்காட்டி இதனை அறியாது. அதை நம்பியவர் ஏழு மாதம் ஒரு மணி தாமதமாகவே வருவார்.

ஆதலின் இரண்டு விதிகளை நினைவிற் கொள்க. நடந்து முடிந்த நோக்கல்களை உலக நேரத்தில், தேதியுடன் சேர்த்துப் பதிதல் வேண்டும். வருங்காலக் கூட்டங்களை அவ்வூர்க் கடிகார நேரத்தோடு, 'ஐரோப்பா/லண்டன்', 'ஆசியா/கொல்கத்தா' என்பன போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். கடிகார விதியை ஓர் அரசு நாளை மாற்றினாலும், விதிப்பட்டியலைப் புதுப்பித்ததும் கணிப்பொறி தானே திருத்திக்கொள்ளும்.

ஆசிரியர்கள் மேற்கண்ட மார்ச் 1ஆம் நாள் கணக்கைக் கரும்பலகையில் எழுதி மாணவரைச் செய்யச் சொல்லலாம். பிப்ரவரி 29 என்று விடை காணும் மாணவன், நேரத்தோடு நாளும் மாறும் என்பதைப் பின்னர் மறக்கமாட்டான்.