காரணம் கேட்காத ஒரு நாள் விடுப்பு

மாதத்தில் ஒரு நாள் அந்த மாணவன் வருவதில்லை. மறுநாள் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். பாட்டியும் "உடம்பு சரியில்லைங்க சார்" என்பதற்கு மேல் சொல்வதில்லை. காரணம் பலவாக இருக்கலாம். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் குழந்தை அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சென்றிருப்பதும் அவற்றுள் ஒன்று.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 முதல் அரசு இதற்கான கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்குகிறது. தாயிடமிருந்து தொற்று பெற்றுப் பிறந்த குழந்தைகள் பலர் இன்று படித்து முடித்து வேலைக்குச் செல்கின்றனர்.

மருந்து கிருமியை முற்றிலும் அழிப்பதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. அதனால் தினமும் உட்கொள்ள வேண்டும். அடிக்கடி விட்டுப்போனால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். மையத்தில் மாத்திரை மட்டும் தருவதில்லை. எடை பார்த்து மருந்தின் அளவை மாற்றுகிறார்கள். காசநோய் அறிகுறி உண்டா என்று கேட்கிறார்கள். இரத்தத்தில் கிருமியின் அளவைக் குறித்த காலத்தில் சோதிக்கிறார்கள். நாம் மறுக்கும் ஒரு நாள் விடுப்பு இவை அனைத்தையும் தடுத்துவிடும்.

ஆகவே, அந்தக் குழந்தை யார் என்று தேடுவது ஆசிரியரின் வேலையன்று. யாராக இருந்தாலும் பாதுகாப்பாக இருக்கும்படி வகுப்பறையை நடத்துவதே நம் வேலை.

1. மருத்துவமனை செல்ல விடுப்புக் கேட்டால் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். விட்டுப்போன பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுங்கள்.

2. எந்தக் குழந்தைக்கு அடிபட்டு இரத்தம் வந்தாலும் கையுறை அணிந்தே முதலுதவி செய்யுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். எல்லாருக்கும் ஒரே முறை என்றால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

3. வகுப்பில் அம்மை கண்டால் எல்லாப் பெற்றோருக்கும் அன்றே தெரிவியுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

4. விடாத இருமல், காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றைக் கண்டால் பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள்.

சேர்ந்து அமர்வதாலோ சத்துணவைச் சேர்ந்து உண்பதாலோ விளையாடுவதாலோ எச்.ஐ.வி. பரவாது. ஒரே குடிநீர்க் குழாய், ஒரே கழிப்பறை ஆகியவற்றாலும் பரவாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, தொற்றைக் காரணம் காட்டிக் கல்வியை மறுப்பதைத் தடை செய்கிறது. பள்ளியில் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கவும் கூடாது.

தற்செயலாக உண்மை தெரியவந்தால், அது நம்மோடு நிற்க வேண்டும். ஆசிரியர் அறையில்கூடப் பேசக் கூடாது. தாம் எதற்காக மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே பல குழந்தைகளுக்கு இன்னும் சொல்லப்பட்டிருக்காது. அதைத் தக்க வயதில் வீட்டாரும் ஆலோசகரும் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை விளையாட்டுத் திடலில் சக மாணவன் வாயிலாக அறியக் கூடாது. சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.